எண்ணாத பதினெட்டு

என் வார்டில் முப்பத்திரண்டு கட்டில்கள். முப்பத்திரண்டிலும் பிள்ளை பெற்றவர்கள். குண்டு, ஒல்லி, பயந்தவள், மற்றவர்களைப் பயமுறுத்துகிறவள், முதல் பிள்ளைக்காரி, ஐந்தாவது பிள்ளைக்காரி என்று எத்தனை விதமாக வந்து படுத்தாலும் ஒரு விஷயத்தில் எல்லோருக்கும் அப்படியொரு ஒற்றுமை. நிமிடத்துக்குச் சரியாகப் பதினெட்டு தடவை மூச்சு விட்டார்கள். நம்பாவிட்டால் சார்ட்டைப் பாருங்கள். இருபத்திரண்டு வருடத்துச் சார்ட்டுகள் கீழே ரெக்கார்டு ரூமில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு எதை உருவினாலும் பதினெட்டுதான்.

அதிசயம் ஒன்றும் இல்லை. காய்ச்சல் பார்க்கத் தெர்மாமீட்டர் இருக்கிறது. கையில் பட்டையைச் சுற்றினால் பிரஷரையும் நாடியையும் மெஷினே சொல்லிவிடும். மூச்சுக்கு மட்டும் எங்கள் வார்டில் மெஷின் கிடையாது. கட்டில் பக்கத்தில் நின்று, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் மனதுக்குள் எண்ண வேண்டும். முப்பத்திரண்டு பேருக்கு முப்பத்திரண்டு நிமிடம். ஒருத்தி அவ்வளவு நேரம் கட்டில் கட்டிலாகச் சும்மா நின்றால், பார்க்கிறவர்களுக்கு வேலை செய்கிற மாதிரியா இருக்கும்? பன்னிரண்டிலிருந்து இருபது வரை நல்ல மூச்சு என்று படித்திருக்கிறோம். பன்னிரண்டு என்று எழுதினால் குறைவாக இருக்கிறதே என்பார்கள். இருபது என்று எழுதினால் கூடிக்கொண்டு போகிறதோ என்பார்கள். பதினெட்டு என்று எழுதினால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். எனக்கு முன்னால் இருந்தவர்களும் அதைத்தான் எழுதினார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்களும் என்னைப் பார்த்து அதையே எழுதினார்கள்.

நான் அந்த வார்டின் தலைமை நர்ஸ். முதுகுக்குப் பின்னால் எனக்கு மிலிட்டரி என்று பெயர். தெரியாத மாதிரி இருந்துகொள்வேன், உள்ளுக்குள் பெருமைதான். என் வார்டில் படுக்கை விரிப்பின் மூலை மடிப்பு ஒரு விரல் அளவு பிசகாது. மாத்திரை ஒரு நிமிடம் பிந்தாது. என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், அந்தப் பதினெட்டுகள் உட்பட. பயிற்சி முடிந்த அன்று கொடுத்த சின்னக் கடிகாரத்தை நெஞ்சில் தலைகீழாகக் குத்தியிருப்பேன். மூச்சு எண்ணுவதற்கென்றே வினாடி முள் வைத்த கடிகாரம். ஏழு மணி டியூட்டிக்கு யார் ஏழு மூன்றுக்கு வந்தாள் என்று கண்டுபிடிக்க அது எனக்கு ரொம்பவும் உதவியாக இருந்தது.

இப்போது என் தம்பி பெண்டாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு நான் வைத்த பெயர் புகார்ப்பெட்டி. தம்பிக்கும் தெரியும். வெளியே முறைப்பான், முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பான். கல்யாண போட்டோ எதிலும் அவள் வாய் மூடியிருக்காது. விளக்கு கண்ணைக் கூசுகிறது என்று போட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். பஸ் தாமதமா, மனு. தெருவிளக்கு எரியவில்லையா, மனு. பிஸ்கட் பாக்கெட்டில் இரண்டு பிஸ்கட் உடைந்திருந்ததா, கம்பெனிக்குக் கடிதம். அவள் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், அதனால் எழுதுவது தம்பி. அவன் ஊரில் இல்லாதபோது நான். மாசமாக இருந்தபோது எங்கள் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள் என்று, என் ஆஸ்பத்திரியின் மேலேயே என்னை வைத்தே ஐந்து பாயிண்டு எழுதி வாங்கினாள். சம்பளம் கொடுக்கிற இடத்துக்கு எதிராக நாத்தனாரையே எழுத வைத்தவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். எழுதிக் கொடுத்துவிட்டுத் தம்பியிடம், உன் பெண்டாட்டிக்கு வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்றேன்.

ஆனால் டீ விஷயத்தில்தான் எனக்கும் அவளுக்கும் நிஜமான சண்டை. ஏழு வருடத்தில் நான் போட்ட ஒரு டீயையும் அவள் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. சர்க்கரை கம்மி அண்ணி, என்பாள். இரண்டு ஸ்பூன் போட்டாலும் கம்மி, மூன்று போட்டாலும் கம்மி.

ஒரு திங்கட்கிழமை காலை அவளுக்குச் சுகப்பிரசவம் ஆனது. பெண் குழந்தை. ஏழு வருடம் காத்திருந்த குழந்தை. நஞ்சுக்கொடி முழுதாக வந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என் வார்டுக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் நம்பர் கட்டில். நர்சுகளுக்கு எல்லாம் மிலிட்டரியின் சொந்தக்காரி என்று ஒரு பயம் இருந்தது. அதை நானே போக்கிவிட்டேன். எல்லோரையும் மேஜைக்குக் கூப்பிட்டு, அவள் ஃபேன் சரியில்லை என்பாள், மெத்தை குத்துகிறது என்பாள், அவள் சுபாவமே அப்படி, அதற்காக ஓடாதீர்கள் என்று சொல்லி வைத்தேன். என் ஆட்களுக்கென்று சலுகை கேட்டேன் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக்கூடாது பாருங்கள். நேர்மை என்றால் எனக்கு அப்படியொரு நேர்மை.

சொன்ன மாதிரியே செவ்வாய்க்கிழமை பெட்டி திறந்துகொண்டது. ஃபேன் சத்தம் போடுகிறது. மெத்தை குத்துகிறது. பக்கத்துக் கட்டில்காரியின் மாமியார் குறட்டை விடுகிறார். அடிவயிறு வலிக்கிறது. குளிருகிறது, உடம்பு நடுங்குகிறது. இப்படி வரிசையாகச் சொன்னாள். நர்ஸ் வந்து என்னிடம் ஒப்பித்தாள். நான் சிரித்துக்கொண்டே, ஃபேன் சத்தம் போடுகிறது என்றும் சொல்கிறாள், குளிருகிறது என்றும் சொல்கிறாள், ஃபேனை நிறுத்திவிடு, இரண்டு புகாரும் தீர்ந்தது என்றேன். வார்டே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை தனியாகவும் சொன்னாள். "அண்ணி, இது வேற மாதிரி வலி. எனக்கே என்னமோ பயமா இருக்கு." பிள்ளை பெற்ற வயிறு சுருங்கும்போது வலிக்கத்தான் செய்யும், எத்தனை ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு போனேன். மாத்திரை கொடுத்தோம். வலிக்குக் கொடுக்கிற மாத்திரை காய்ச்சலையும் அமுக்கிவிடும். அதனால் தெர்மாமீட்டர் தொண்ணூற்றொன்பதைத் தாண்டவில்லை. நாடி நூற்றுப் பன்னிரண்டு என்று மெஷின் சொன்னது. தூக்கம் இல்லை, பால் கொடுக்கிறாள், அப்படித்தான் இருக்கும் என்று அந்த மெஷினுக்கும் நாங்களே சமாதானம் சொல்லிவிட்டோம். மூச்சு பதினெட்டு.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு டியூட்டிக்கு வந்தேன். உங்க தம்பி வீட்டம்மா ரொம்ப சமத்தாயிட்டாங்க, ஒரு புகாரும் இல்லை என்று இரவு நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: சந்தோஷப்பட்டேன். அவள் கட்டில் கால்மாட்டில் நின்று, விரிப்பின் மூலை மடிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே பதினெட்டு என்று எழுதினேன். அவள் மோட்டுவளையைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

எட்டரை மணிக்கு எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. இவ்வளவு அமைதி உடம்புக்கு ஆகாது, கொஞ்சம் கிளறிவிடலாம் என்று கேண்டீனிலிருந்து டீ வாங்கினேன், வேண்டுமென்றே சர்க்கரை போடாமல். சர்க்கரைப் பொட்டலத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். கத்தட்டும், கத்தினதும் கொட்டிக் கலக்கிக் கொடுக்கலாம், வார்டே சிரிக்கும் என்று திட்டம். தலையணையை உயர்த்தி உட்கார வைத்துக் கையில் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள்.

"டீ எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ம்" என்றாள்.

அவ்வளவுதான். கப் அவள் கையில் சாய்ந்தது. டீ விரிப்பில் கொட்டியது. அவள் அதைப் பார்க்கவில்லை. ஏழு வருடமாக எந்த வாயை மூட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேனோ, அந்த வாய் மூடியிருந்தது.

கப்பை வாங்கி வைத்துவிட்டுக் கையைத் தொட்டேன். பனிக்கட்டி. முதல் தடவையாக அவள் நெஞ்சைப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்தே ஓடிக்கொண்டிருந்தது மூச்சு, ஆழமில்லாமல், விட்டதும் இழுத்து, இழுத்ததும் விட்டு. எண்ணுவதற்காக என் கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்தேன். மணி முள் சரியாக இருந்தது, நிமிட முள் சரியாக இருந்தது. வினாடி முள் கழன்று கண்ணாடியின் அடியில் கிடந்தது. எப்போது விழுந்தது? எனக்குத் தெரியாது. ஒரு மாதமாகவும் இருக்கலாம், பத்து வருடமாகவும் இருக்கலாம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். முப்பத்து நான்கு. நம்பாமல் மறுபடி எண்ணினேன். முப்பத்து நான்கு. பிரஷர் எண்பத்தாறுக்கு இறங்கியிருந்தது. நாடி நூற்று முப்பத்திரண்டு.

பிள்ளை பெற்றவளுக்கு ரத்தத்தில் கிருமி ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குப் பாடமாகத் தெரியும். பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். முதலில் ஏறுவது மூச்சுதான், மற்றதெல்லாம் பின்னால்தான் என்றும் அதே விடைத்தாளில் எழுதியிருக்கிறேன்.

மேஜைக்கு ஓடி டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் தியேட்டரில் இருந்தார். ஒரு ஆபரேஷன் முடிந்து அடுத்ததற்குக் கை கழுவிக்கொண்டிருந்தார். யாரோ போனை அவர் காதில் பிடித்தார்கள். சொன்னேன். அவர் நல்ல டாக்டர், குறை சொல்ல மாட்டேன். பதறாமல், சார்ட்டில் இதற்கு முன்னால் மூச்சு எவ்வளவு என்று கேட்டார். கேட்கத்தானே செய்வார்?

திங்கள் மத்தியானத்திலிருந்து ஆறு தடவை எழுதியிருந்தது. ஆறும் பதினெட்டு. என் கையெழுத்தில் இரண்டு, மற்ற நான்கு அதைப் பார்த்துப் பழகிய கையெழுத்தில். படித்தேன்.

"ஆறு தடவையும் பதினெட்டு, அதுல இன்னிக்குக் காலைல ஏழு மணிக்கு எழுதினதும் பதினெட்டு, இப்ப திடீர்னு முப்பத்து நாலா? சிஸ்டர், உங்க வீட்டுப் பொண்ணுன்னதும் உங்களுக்குப் பதட்டம். அது சகஜம்தான். இங்க ஒருத்தங்க மேஜை மேல படுத்திருக்காங்க. அரை மணி கழிச்சு மறுபடி எண்ணிட்டுச் சொல்லுங்க."

அரை மணி. அவளுக்கு அரை மணி இருக்கிறதா என்பது எனக்குத் தெரியவில்லை. என் சார்ட்டை நம்பியதால்தான் அவர் என்னை நம்பவில்லை. அச்சடித்த மாதிரி ஆறு பதினெட்டு வரிசையாக நின்று, இவள் நன்றாக இருக்கிறாள், நர்ஸ்தான் உளறுகிறாள் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. மூன்று நர்சுகள் மேஜையைச் சுற்றி நின்று என் வாயைப் பார்த்தார்கள். கட்டில்களில் இருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஏழு மூன்றுக்கு வந்ததற்காக நான் அழ வைத்த பெண்ணும் அங்கேதான் நின்றாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டுத்தான் ஆக வேண்டும் என்று தவளைக்கும் ஒரு நேரம் வந்ததோ என்னவோ.

"டாக்டர், அந்தப் பதினெட்டு எதுவும் எண்ணினது இல்ல," என்றேன். "சும்மா எழுதினது."

"எது?"

"எல்லாமே."

"எல்லாமேன்னா, இவங்களோடதா?"

"இருபத்திரண்டு வருஷமா எல்லாரோடதும். இன்னிக்கு இப்ப எண்ணினது ஒண்ணுதான் நிஜம். முப்பத்து நாலு. ரெண்டு தடவை எண்ணிட்டேன். தயவுசெஞ்சு வாங்க."

போனில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ரத்தம் எடுங்கள், ட்ரிப் இரண்டு கையிலும் போடுங்கள், ஆன்டிபயாட்டிக்கை எடுத்து வையுங்கள், வருகிறேன் என்றார். நான்கு நிமிடத்தில் தியேட்டர் செருப்போடு ஓடி வந்தார். கட்டிலில் இருந்தவளைப் பார்த்ததும் ஒரே வார்த்தை சொன்னார்: செப்சிஸ். என்னை அவர் பார்க்கவே இல்லை.

முழுதாக வந்துவிட்டது என்று எழுதிய நஞ்சுக்கொடியில் கட்டைவிரல் அளவு ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிட்டிருந்தது. அது அழுகி, கிருமி கருப்பையிலிருந்து ரத்தத்துக்கு ஏறிவிட்டது. அன்றைக்கே தியேட்டருக்குக் கொண்டுபோய் எடுத்தார்கள். ஐசியுவில் ஒன்பது நாள். அதில் முதல் மூன்று நாள் அவளுக்காக மெஷின் மூச்சு விட்டது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். மெஷினில் பச்சை எழுத்தில் ஒரு எண் தெரிந்தது. பதினெட்டு. டாக்டர்தான் அப்படி வைத்திருந்தார். நான் நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். தம்பி என்னைத் தேற்றினான். நீ இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் அக்கா என்றான். அவன் அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை கூடியது. பாசம் என்று நினைத்துக்கொண்டான்.

டாக்டர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினார். செவ்வாய்க்கிழமை எண்ணியிருந்தால் ஐசியு வரைக்கும் வந்திருக்க வேண்டியதில்லை என்று, கோபமே இல்லாமல் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு விசாரணை வைத்தார்கள். நான் நடந்ததை ஒளிக்காமல் நான்கு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு சூப்பரின்டென்டன்ட் அறைக்குப் போனேன். அவர் முதல் பக்கத்தைப் படிக்கும்போது முகம் சாதாரணமாக இருந்தது. இரண்டாவது பக்கத்தில் 'இருபத்திரண்டு வருடமாக' என்ற இடம் வந்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். இந்தக் காகிதம் வெளியே போனால் ரெக்கார்டு ரூமில் இருக்கிற அத்தனை சார்ட்டும் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா என்றார். யோசித்துத்தான் எழுதினேன் என்றேன். அவர் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்: நீங்கள் அன்றைக்கு உணர்ச்சிவசப்பட்டு டாக்டரிடம் ஏதோ சொல்லிவிட்டீர்கள். உண்மையில் நடந்தது என்னவென்றால், அனுபவமுள்ள ஒரு நர்ஸ், மெஷின் கண்டுபிடிக்காத ஆபத்தைத் தன் கண்ணால் கண்டுபிடித்துவிட்டார். நோயாளியையும் கேட்டாயிற்று. ஏதாவது புகார் உண்டா என்று முறைப்படி கேட்டோம். ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவளா? உடைந்த பிஸ்கட்டுக்கு மனுப் போட்டவளா? அவள் சொல்லியதைத் தட்டச்சு செய்து, கீழே கட்டைவிரல் ரேகை வாங்கியிருந்தார்கள். என் உயிரைக் காப்பாற்றியது என் நாத்தனார், எனக்கு யார் மேலும் குறையில்லை என்று இருந்தது. சூப்பரின்டென்டன்ட் என் நான்கு பக்கத்தையும் இரண்டாகக் கிழித்து, அதை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

அடுத்த மாதம் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். 'விழிப்புடன் பணியாற்றியதற்காக' என்று தங்க எழுத்து. கை தட்டினார்கள். ஏழு மூன்றுக்காரியும் தட்டினாள், ஆனால் என் கண்ணைப் பார்த்துத் தட்டினாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இனிமேல் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணியே எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. ஒரு வாரத்தில் சார்ட்டுகளைப் பார்த்தேன். பதினேழு, பத்தொன்பது, பதினாறு, இருபது, பதினேழு. அடடா, என்ன உழைப்பு என்று ஒரு நாள் மறைவாக நின்று கவனித்தேன். முப்பத்திரண்டு பேருக்கும் எழுத ஆறு நிமிடம் ஆனது. எண்ணவில்லை, கற்பனை மட்டும் கூடியிருந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். எந்த வாயால் கத்துவது? அன்றிலிருந்து என் டியூட்டியில் மூச்சை நானே எண்ணுகிறேன். மிலிட்டரிக்கு மூளை கலங்கிவிட்டது, கட்டில் கட்டிலாகச் சும்மா நிற்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள்.

தம்பி பெண்டாட்டி ஆஸ்பத்திரியிலிருந்து போய் ஐந்து வாரம் கழித்து ஒரு மத்தியானம் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் வேலைக்குப் போயிருந்தான். சான்றிதழை என்னிடமிருந்து வாங்கி வந்து, சட்டம் போட்டு, கூடத்தில் நடுச்சுவரில் மாட்டியிருந்தான். அதற்கு நேர் எதிரே என்னை உட்கார வைத்தாள். பாதி உடம்பாக இளைத்திருந்தாள். தலைமுடி கொட்டியிருந்தது. விரல் நுனிகள் கறுத்து, மரத்துப் போயிருந்தன. அந்தக் கையாலேயே டீ போட்டுக் கொண்டுவந்தாள். கப்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே இடுக்கித் தூக்கிக்கொண்டு வந்தாள். சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தது. எனக்கு ஸ்பெஷல்.

குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் புகார் எதுவும் சொல்லவில்லை. மாற்றி மாற்றி என் பெருமைதான். பக்கத்து வீட்டில் சொன்னாளாம், போனில் வந்தவர்களிடம் எல்லாம் சொன்னாளாம். நாத்தனார் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னார்களாம். ஏழு வருடம் அவள் வாயில் வசவு வாங்கியிருக்கிறேன், ஒரு நாளும் வலித்ததில்லை. அன்றைக்கு வலித்தது. ஒவ்வொரு வார்த்தையும் வலித்தது.

"நீங்க இல்லன்னா என் பொண்ணுக்கு அம்மா இல்ல, அண்ணி," என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கப்பைக் கீழே வைத்தேன்.

"உன் மூச்ச நான் எண்ணவே இல்லம்மா," என்றேன். "செவ்வாய்க்கிழமையும் எண்ணல, புதன்கிழமை காலைலயும் எண்ணல. பதினெட்டுன்னு பொய்யா எழுதினேன். நீ குளிருதுன்னு சொன்னப்ப, அவ சுபாவமே அப்படி, ஓடாதீங்கன்னு நர்சுங்ககிட்ட சொல்லி வச்சதும் நான்தான். நான் ஒழுங்கா இருந்திருந்தா உன் விரல் இப்படி ஆகியிருக்காது. இத நான் எழுதிக் கொடுத்தேன், கிழிச்சுப் போட்டுட்டாங்க."

அவள் தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள், கத்துவாள், வெளியே போங்கள் என்பாள் என்று எதிர்பார்த்தேன். எதுவும் வரவில்லை. அவள் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்பது எனக்கு ஒரு தடவை தெரியாமல் போய்விட்டது. பயந்துவிட்டேன். என் கண் தானாக அவள் நெஞ்சுக்குப் போனது. கடிகாரத்துக்குப் புது வினாடி முள் போட்டிருந்தேன். அதைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். பதினெட்டு. கடவுளே, நிஜமாகவே பதினெட்டு. சொன்னால் யார் நம்புவார்கள்?

"எண்ணியாச்சா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன்.

"அலமாரி மேல பேப்பர் இருக்கு. பேனா எடுத்துக்குங்க. என் கையால பேனா பிடிக்க முடியல. உங்க கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்கும்."

எடுத்து வந்தேன். கூடத்து மேஜையில், தங்க எழுத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தேன். அனுப்புநர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போடச் சொன்னாள். பெறுநர் சூப்பரின்டென்டன்ட் வேண்டாம், அவருக்கும் மேலே யாரோ அவருக்குப் போடுங்கள் என்றாள். போட்டேன். கிழித்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மறுபடி எழுதலாம், எனக்கு அது பழக்கம்தான் என்றாள். கண்ணீர் விழாமல் இருக்கக் காகிதத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு எழுதினேன்.

"ஒண்ணு. மூச்சு எண்ணல. மொத்தம் எத்தன தடவ?"

"ஆறு."

"அதுல உங்களோடது?"

"ரெண்டு."

"அதத் தனியா போடுங்க. ரெண்டாவது, குளிருதுன்னு சொன்னேன், யாரும் கேக்கல. கேக்க வேணாம்னு யார் சொன்னாங்கன்னும் எழுதுங்க."

என் பெயரை, என் பதவியை, என் கையாலேயே எழுதினேன். அவள் குனிந்து பார்த்தாள். எழுத்தில் ஏதாவது மழுப்பியிருக்கிறேனா என்று பார்த்திருப்பாள். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டாள். இன்னமும் அவளுக்குப் பேசினால் களைப்பு வருகிறது.

"மூணு. டீல சக்கரை இல்ல."

பேனா நின்றுவிட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்லவில்லை, தம்பியிடம் சொல்லவில்லை, அந்த நான்கு பக்கத்திலும் எழுதவில்லை. சர்க்கரைப் பொட்டலம் அன்றைக்குப் போட்டிருந்த கோட்டுப் பையிலேயே இன்னும் கிடக்கிறது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அப்பவே தெரிஞ்சுது, அண்ணி," என்றாள். "சொல்றதுக்குத்தான் மூச்சு பத்தல."

அதையும் எழுதினேன்.